ஓர் இரவின் பேரில் எழுதிய நஷ்டம்

‘மூன்லைட்டிங்’ தொடரின் கதையே ஒரு கணக்கு வழக்கில்தான் தொடங்குகிறது. மேடி ஹேஸ் பெயர்பெற்ற மாடல். அவளுடைய பணம் முழுவதையும் கணக்காளர் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறார். மிஞ்சியது ஒரு வீடும், வரிக்கணக்கில் நஷ்டம் காட்டுவதற்காக வாங்கிப்போட்டிருந்த சில சில்லறை நிறுவனங்களும். அவற்றில் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் துப்பறியும் நிறுவனம். அதை இழுத்து மூடலாம் என்று போகிறாள். அங்கே டேவிட் அடிசன் என்ற வாயாடி அவளைப் பேசியே மடக்கி, கடையைத் திறந்து வைக்கச் செய்துவிடுகிறான். சிபில் ஷெப்பர்டும் புரூஸ் வில்லிஸும் நடித்த இந்தத் தொடர் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 1985 மார்ச் 3 முதல் 1989 மே 14 வரை ஓடியது. உருவாக்கியவர் கிளென் கோர்டன் காரன். துப்பறியும் கதை என்பது பேருக்குத்தான். சண்டையும் கிண்டலுமாக இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்கத்தான் ஜனங்கள் உட்கார்ந்தார்கள்.

இந்தத் தொடர் ஏன் சரிந்தது என்று கேட்டால் அமெரிக்கத் தொலைக்காட்சி உலகம் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறது. 1987 மார்ச் 31, செவ்வாய்க்கிழமை இரவு 9 மணி. மூன்றாவது சீசனின் பதினான்காவது எபிசோடு. மேடியும் டேவிடும் கன்னத்தில் அறைந்துகொண்டு, மேஜை நாற்காலியை உடைத்து, கடைசியில் ஒன்று சேர்கிறார்கள். சேர்ந்தார்கள், பார்வையாளர்களுக்கு ஆவல் தீர்ந்தது, போய்விட்டார்கள். இதற்கு ‘மூன்லைட்டிங் சாபம்’ என்றே பெயர் வைத்து, அடுத்து வந்த எழுத்தாளர்களையெல்லாம் பயமுறுத்தினார்கள். நாயகனும் நாயகியும் சேர்ந்தால் தொடர் படுத்துவிடும் என்பது விதியாகிவிட்டது.

ஒரே ஒரு இரவின் பேரில் இவ்வளவு பெரிய நஷ்டத்தை எழுதியிருப்பதால், பற்று வரவைத் திரும்பக் கூட்டிப் பார்ப்பது நியாயம்தான்.

முதலில் நஷ்டம் எவ்வளவு? 1986–87 சீசனில் தொடரின் சராசரி ரேட்டிங் 22.4, நாட்டில் 9வது இடம். 1987–88ல் 18.3, 12வது இடம். விட்டுப்போனது 4.1 புள்ளி. ரேட்டிங் புள்ளி ஒன்று என்பது டிவி உள்ள வீடுகளில் நூற்றுக்கு ஒன்று. முதல் வருடத்தில் அமெரிக்காவில் டிவி உள்ள வீடுகள் 8.74 கோடி, அடுத்த வருடம் 8.86 கோடி. பெருக்கினால் 1.96 கோடி வீடுகள் 1.62 கோடியாகக் குறைந்தன. ஏறக்குறைய 34 லட்சம் வீடுகள் போயின. இது சின்னத் தொகை இல்லை.

ஆனால் இந்த 34 லட்சம் வீடுகளின் கதவை யாரும் தட்டிக் கேட்கவில்லை. கணக்கெடுத்தது நீல்சன் நிறுவனம். 1987 செப்டம்பர் வரை அதன் தேசிய மாதிரியில் மீட்டர் பொருத்தியிருந்த வீடுகள் சுமார் 1,700. யார் யார் பார்த்தார்கள் என்பதற்குத் தனியே வேறு வீடுகளில் டைரி எழுதச் சொல்வார்கள். 1,700ல் 22.4 சதவீதம் என்றால் 381 வீடு. அந்தச் செப்டம்பரில் ‘பீப்பிள் மீட்டர்’ வந்தது; வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் டிவி முன் உட்காரும்போதும் எழும்போதும் தன் பட்டனை அழுத்த வேண்டும். தொடக்கத்தில் சுமார் 2,000 வீடுகளில் வைத்தார்கள். பிறகு 4,000 ஆக்கினார்கள். 2,000ல் 18.3 சதவீதம் 366 வீடு. ஆக, முப்பது வருடமாகப் பேசப்படும் மாபெரும் சரிவு, தாளில் இறங்கும்போது 1,700ல் 381க்கும் 2,000ல் 366க்கும் நடுவில் நடந்திருக்கிறது. 2,000 வீடுகளை வைத்து ஒரு ராத்திரிக்கு எடுக்கும் இந்த அளவு ரேட்டிங்கில், இரண்டு பக்கமும் 1.8 புள்ளி வரை தவறு வரலாம் என்பது மாதிரிக் கணக்கின் பாலபாடம். சீசன் சராசரியில் இந்தத் தவறு குறையும் என்பதும் உண்மைதான். ஆகவே சரிவே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த வருடம் மற்றவர்கள் எப்படி இருந்தார்கள்?

1986–87ன் முதல் பத்துத் தொடர்களை எடுத்து, அடுத்த வருடத்து எண்ணைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. முதலிடத்தில் இருந்த ‘த காஸ்பி ஷோ’ 34.9லிருந்து 27.8க்கு வந்தது, 20.3 சதவீத இறக்கம். அதன் நாயகனும் நாயகியும் தொடக்கத்திலிருந்தே கணவன் மனைவி. கிழவி துப்பறியும் ‘மர்டர், ஷி ரோட்’ 25.4லிருந்து 20.2, அதாவது 20.5 சதவீதம். அந்தக் கிழவி ஜெசிகா ஃப்ளெச்சர் மேஜை நாற்காலி எதையும் உடைத்ததாகத் தகவல் இல்லை. ‘சியர்ஸ்’ 14 சதவீதம், ‘60 மினிட்ஸ்’ 11.6, ‘கோல்டன் கேர்ள்ஸ்’ 11, ‘நைட் கோர்ட்’ 10.3. மூன்லைட்டிங் 18.3 சதவீதம். (22.4லிருந்து 18.3 ஆனதும் 18.3 சதவீத இறக்கம்தான். எண்கள் தற்செயலாக ஒத்துப்போகின்றன.)

பத்தில் ‘ஃபேமிலி டைஸ்’ வேறு கிழமைக்கு மாற்றப்பட்டு 32.7லிருந்து 17.3க்கு விழுந்தது. அதை ஒதுக்கிவிட்டு, மூன்லைட்டிங் தவிர்த்த மற்ற எட்டின் சராசரி இறக்கத்தை எடுத்தால் 12.2 சதவீதம் வருகிறது. புது மீட்டர் ஒரு காரணம். அன்றைய பெரிய சேனல்கள் மூன்றும் அந்த வருடம் அதைப் பற்றிப் புலம்பித் தீர்த்தன. கேபிள் இன்னொரு காரணம். அமெரிக்க வீடுகளில் கிட்டத்தட்டப் பாதியில் வந்து உட்கார்ந்திருந்த விசிஆர் மூன்றாவது. எல்லோர் தலையிலும் விழுந்த இந்த 12.2 சதவீதத்தை மூன்லைட்டிங்கின் 22.4ல் கழித்தால் 2.7 புள்ளி போகிறது. சொந்த நஷ்டம் என்று மிஞ்சுவது 1.4 புள்ளி, சுமார் 12 லட்சம் வீடு.

இந்த இடத்தில் கணக்கை மூடிவிட ஆசையாக இருக்கிறது. மூடினால் அது பொய்க்கணக்கு. காரணம், நான் இன்னும் எழுதாமல் வைத்திருக்கும் இரண்டு வரிகள். அதே ஏபிசியில், அதே செவ்வாய்க்கிழமை, மூன்லைட்டிங்குக்கு முன்னால் 8 மணிக்கு ‘ஹூஸ் த பாஸ்?’, 8.30க்கு ‘க்ரோயிங் பெய்ன்ஸ்’. முதலாவது 22லிருந்து 21.2, இறக்கம் வெறும் 3.6 சதவீதம். இரண்டாவது 22.7லிருந்து 21.3, 6.2 சதவீதம். அதே மீட்டர்தான், அதே கேபிள்தான், பெரும்பாலும் அதே சோபாதான். இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்தால் பொது இறக்கம் 1.1 புள்ளிதான், மூன்லைட்டிங்கின் சொந்த நஷ்டம் 3 புள்ளி, 26 லட்சம் வீட்டுக்கு மேல். அதாவது எட்டரை மணித் தொடரைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு எழுந்துபோனவர்கள் இருந்தார்கள். 1.4க்கும் 3க்கும் இடையில் எங்கேயோ உண்மை இருக்கிறது. எனக்கு மூன்றின் பக்கம்தான் சாய்வு.

அப்படியானால் ஏன் எழுந்துபோனார்கள்?

செவ்வாய்க்கிழமைகளை எண்ணிப் பார்க்கலாம். மூன்றாவது சீசன் 1986 செப்டம்பர் 23ல் ஆரம்பித்து 1987 மே 5ல் முடிந்தது. அதில் 33 செவ்வாய்கள். புதிய எபிசோடு வந்தது 15 செவ்வாய்களில். மற்ற 18ல் டிவி முன் உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது பழைய எபிசோடோ, வேறு ஏதோ நிகழ்ச்சியோ. அன்று ஒரு சீசன் என்றால் 22 எபிசோடு என்பது அமெரிக்க வழக்கம். இரண்டாவது சீசனில் 18 தந்தார்கள். பிறகு 15, 14, 13 என்று ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. இந்தத் தாமதத்தையே சேனல் விளம்பரப் படமாக்கியது. ஏபிசி தலைமையகத்தில் அதிகாரிகள் புது எபிசோடு எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு தவிக்கிறார்கள். 1987 ஜனவரி 6 அன்று வந்த எபிசோடோ பெரும்பாலும் பழைய காட்சிகளின் ஒட்டு. சினிமாக் கிசுகிசு நிருபர் ரோனா பாரெட் தன் சொந்த வேடத்திலேயே வந்து, இந்த இருவருக்கும் என்னதான் பிரச்சினை என்று விசாரிப்பதுபோல் சமாளித்தார்கள். பார்வையாளர்கள் சிரித்தார்கள். ஆனால் இந்த மாதிரிச் சிரிப்பு ஒரு தடவைக்குத்தான் ஓடும்.

தாமதத்துக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஒரு மணிநேரத் தொடருக்கு ஸ்கிரிப்ட் ஐம்பது, அறுபது பக்கம் இருக்கும். மூன்லைட்டிங்குக்கு நூறு பக்கத்தைத் தொடும், தாண்டும். அவ்வளவு எழுதியும், இருவரும் பேசும் வேகத்தில் எபிசோடின் நீளம் குறைந்துபோனது. அதை நிரப்பத்தான் மேடியும் டேவிடும் எபிசோடு ஆரம்பத்தில் கேமராவைப் பார்த்துப் பார்வையாளர்களிடமே பேச ஆரம்பித்தார்கள். இல்லாக்குறைக்குச் செய்ததுதான் தொடரின் அடையாளமே ஆனது. ஏழெட்டு நாளில் முடிக்க வேண்டிய படப்பிடிப்பு இரண்டு வாரம்கூட நீண்டது. செலவு எபிசோடுக்குச் சுமார் 16 லட்சம் டாலர் என்பது அன்று பத்திரிகைகளில் வந்த கணக்கு. ஒரு மணிநேரத் தொடருக்கு அப்போது 9 அல்லது 10 லட்சம் டாலர்தான் வழக்கம். டாலருக்கு 13 ரூபாய் இருந்த காலம் அது. ஓர் எபிசோடு இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். விளம்பரம் போக மிஞ்சும் சுமார் 48 நிமிடத்துக்கு வகுத்தால் நிமிடத்துக்கு 33,000 டாலர்.

வெளி நிறுவனம் எடுத்துக் கொடுத்திருந்தால் இந்தப் பட்ஜெட் முதல் சீசனிலேயே செத்திருக்கும். தொடரின் தயாரிப்பில் ஏபிசியின் சொந்தக் கம்பெனியே இருந்ததால் கூடுதல் பணம் சேனலின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போனது. அந்த 6 லட்சம் டாலர் கூடுதலில் என்ன கிடைத்தது என்றும் எழுத வேண்டும் அல்லவா? 1985 அக்டோபர் 15 அன்று ஒளிபரப்பான எபிசோடில் 1940களின் கொலை வழக்கு ஒன்றை மேடி ஒரு மாதிரியும் டேவிட் வேறு மாதிரியும் கனவு காண்கிறார்கள்; இரண்டு கனவும் கறுப்பு வெள்ளை. கலரில் எடுத்துவிட்டுப் பிறகு நிறத்தை உருவினால் சேனல்காரர்கள் மனம் மாறிக் கலரிலேயே போட்டுவிடுவார்கள் என்ற சந்தேகத்தில் உண்மையான கறுப்பு வெள்ளை ஃபிலிமிலேயே எடுத்தார்கள். உங்கள் டிவி கெட்டுப்போகவில்லை என்று பார்வையாளர்களுக்குச் சொல்ல ஆர்சன் வெல்ஸை அழைத்து முன்னுரை பேசவைத்தார்கள். எபிசோடு வருவதற்கு 5 நாள் முன்பு, அக்டோபர் 10ல், வெல்ஸ் காலமானார். 1986 நவம்பர் 25 அன்று வந்தது ‘அடாமிக் ஷேக்ஸ்பியர்’. மூன்லைட்டிங் பார்க்க விடாமல் வீட்டுப்பாடம் படிக்கச் சொல்லி அம்மா துரத்த, ஒரு பையன் ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் த ஷ்ரூ’ நாடகத்தையே மேடி–டேவிட் கதையாகக் கற்பனை செய்கிறான். முழு எபிசோடும் பழங்கால உடையில், செய்யுள் நடையில், நடுநடுவே ராக் பாட்டோடு. இந்த மாதிரி ஒன்றை வாரம் தவறாமல் தருவது யாருக்கும் ஆகிற காரியம் இல்லை. டைரக்டர்ஸ் கில்டு ஒரே வருடத்தில் இந்தத் தொடரைச் சிறந்த நாடகப் பிரிவுக்கும் சிறந்த நகைச்சுவைப் பிரிவுக்கும் பரிந்துரைத்தது. 1986ல் எம்மி விருதுக்கு 16 பரிந்துரை. கிடைத்தது எடிட்டிங்குக்கான 1.

இப்போது மார்ச் 31க்குப் பிறகு பார்வையாளர்களுக்கு உண்மையில் என்ன காட்டப்பட்டது என்று பார்ப்போம். இருவரும் சேர்ந்த அந்த இரவிலிருந்து அடுத்த புது எபிசோடு வர 35 நாள் ஆனது. அது மே 5. அதோடு சீசன் முடிந்தது. அதற்கடுத்தது செப்டம்பர் 29. இடையில் 147 நாள். அதாவது ஆறு மாதத்தில், ‘சேர்ந்துவிட்ட’ மேடி–டேவிட் ஜோடியை ஜனங்கள் பார்த்தது ஒரே ஒரு தடவை.

நான்காவது சீசன் வந்தபோது ஜோடியே காணோம். ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தார். 1987 அக்டோபரில் பிரசவம். அதனால் மேடியைச் சிகாகோவில் உள்ள அப்பா அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் தனியாக ஒரு பக்கம், வில்லிஸ் தனியாக ஒரு பக்கம், சில வாரங்கள் இருவருமே ஓரமாகி அலுவலக வரவேற்பாளர் ஆக்னஸும் குமாஸ்தா ஹெர்பர்ட்டும் கதையைத் தூக்கிச் சுமந்தார்கள். இந்த இடைவெளியில் வில்லிஸ் ‘டை ஹார்ட்’ படத்தில் நடித்தார். சம்பளம் 50 லட்சம் டாலர், மூன்லைட்டிங்கின் மூன்று எபிசோடு பட்ஜெட்டைவிட அதிகம். 1988 பிப்ரவரியில் மேடி ஒருவழியாகத் திரும்பி வருகிறாள். வரும் ரயிலிலேயே, அன்றுதான் பார்த்த வால்டர் பிஷப் என்ற ஆளைக் கல்யாணம் செய்துகொண்டு. எழுத்தாளர்கள் பார்வையாளர்களை வேண்டுமென்றே சீண்டினார்களா, வேறு வழி தெரியாமல் திண்டாடினார்களா என்பது தொடரைப் பார்க்கும்போது பிடிபடுவதில்லை. இரண்டும் இருக்கலாம்.

ஆக, ‘ஜோடி சேர்ந்ததால் போனார்கள்’ என்ற தீர்ப்பைச் சோதித்துப் பார்க்கச் சரக்கே கிடையாது. ஜோடி சேர்ந்த தொடர் எப்படி இருக்கும் என்று யாரும் எடுக்கவே இல்லை. எடுத்தது பிரிந்த ஜோடியின் தொடர். அதில் ஒன்பது மணிக்கு எழுந்துபோனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதைக் கேட்க வந்தவர்களுக்கு, ஒருவர் மட்டும் பேசுவதைக் காட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

மீதியை விறுவிறுவென்று எழுதிவிடலாம். 1988 மார்ச் 7ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். ஆகஸ்ட் 7 வரை 153 நாள். திட்டமிட்டிருந்த முப்பரிமாண எபிசோடு கைவிடப்பட்டது. மார்ச் 22ல் முடிந்த நான்காவது சீசனுக்கும் டிசம்பர் 6ல் தொடங்கிய ஐந்தாவதுக்கும் இடையே 259 நாள். காரன் தொடரை விட்டு விலகியிருந்தார். காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த முதல் எபிசோடில், மேடியின் வயிற்றிலிருக்கும் குழந்தையாக வில்லிஸே நடித்து, ஆடல் பாடல் எல்லாம் காட்டி, கடைசியில் கரு கலைந்துபோனது. நகைச்சுவைத் தொடரில் இப்படி ஒரு மணிநேரத்தை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. அந்த வருட முதல் முப்பது பட்டியலில் மூன்லைட்டிங் இல்லை.

கடைசி எபிசோடில் தொடர் தன்னையே வழக்கில் நிறுத்தியது. மேடியும் டேவிடும் அலுவலகத்துக்கு வந்தால் செட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சேனலிடம் முறையிடப் போகிறார்கள். தயாரிப்பாளர் சை, காதல் எவ்வளவு பூஞ்சையான பொருள், ஜனங்களின் ஆவல் தீர்ந்தபிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்று பிரசங்கம் செய்கிறார். அந்த சையாக நடித்தவரும் எபிசோடை இயக்கியவரும் டென்னிஸ் டூகன். மேடியை ரயிலில் மணந்த வால்டர் பிஷப்பும் அவரேதான். நஷ்டத்தில் பெரும் பங்கு வகித்த பாத்திரத்தின் முகமே வந்து, நஷ்டத்தைக் காதல் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறது. வேடிக்கையாகச் சொன்னதை மற்ற எல்லோரும் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்துக்கொண்டவர்கள் பிறகு எவ்வளவு காலம் இழுத்தடித்தார்கள் என்பதற்கும் எண் உண்டு. சிரிப்பும் கொலையும் கலந்த ‘கேஸில்’ 2009ல் தொடங்கி, 81வது எபிசோடில்தான், 2012 மே 7 அன்று, ஜோடியைச் சேர்த்தது. சாபம் மெய்யாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு 92 எபிசோடு வந்தது. ‘போன்ஸ்’ ஆறாவது சீசனின் முடிவு வரை, 129 எபிசோடு, காத்திருந்தது. அதன்பின் 117 எபிசோடு ஓடியது. இரண்டு தொடரிலும் சேர்வதற்கு முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதி. அவர்கள் சேர்ந்த பிறகு ஜோடியை ஊருக்கு அனுப்பிவிடாமல் திரையிலேயே வைத்திருந்தார்கள். செய்த வித்தை அவ்வளவுதான்.

மூன்லைட்டிங்கின் நஷ்டப் பக்கத்தில் நான் பெரிதாக எழுதுவது ஒரே தொகை: 28. இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை நான்கு சீசனுக்கு 88 எபிசோடு வந்திருக்க வேண்டும், வந்தது 60. முதல் சீசனின் 6ஐச் சேர்த்தால் மொத்தம் 66. வாரத்துக்கு ஐந்து நாள் மறுஒளிபரப்புக்கு விற்க வேண்டுமானால் 100 எபிசோடாவது கையில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சந்தையின் அன்றைய கணக்கு. அது 20 வாரம் ஓடும். 66 என்றால் 13 வாரத்தில் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எபிசோடுக்கு 16 லட்சம் டாலர் கொட்டியவர்களுக்குத் திரும்ப எடுக்கும் வழியும் இதனால் குறுகியது. பயன்படுத்தியிருந்த பாடல்களின் உரிமைச் சிக்கல் வேறு. 2005ல்தான் சீசன்கள் டிவிடியாக வரத் தொடங்கின. ஸ்ட்ரீமிங்கில், ஹுலுவில், வருவதற்கு 2023 அக்டோபர் ஆகிவிட்டது.

இன்று அதில் பார்ப்பவருக்கு அந்த மார்ச் 31 எபிசோடு முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். 35 நாள் காத்திருப்பு இல்லை, 147 நாள் இல்லை, 259 நாளும் இல்லை. சிகாகோ கதை வந்தால் தள்ளிவிட்டுப் போகப் பட்டனும் இருக்கிறது.